மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள்

சனிக்கிழமை காலையில் தியாகராய நகர் உஸ்மான் சாலைக்குள் ஆட்டோவை விடுகிறவனுக்கு ஒன்று பொறுமை இருக்க வேண்டும், இல்லையென்றால் மூளை இருக்கக் கூடாது. சேட்டுவிடம் பொறுமை சுத்தமாகக் கிடையாது.

பாத்திரக்கடை வாசலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கடைக்காரர் திட்டத் தொடங்குவதற்குள் மாடிப்படி ஏறினான். மாடியில்தான் 'நீரஜா துப்பறியும் நிலையம்'. பெயரைப் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, சுற்றுவதைவிட அதிகமாக முனகும் ஒரு மின்விசிறி, மேஜைக்குப் பின்னால் நீரஜா. மயிலாப்பூர்க்காரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பல காலம் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள், அலுத்துப்போய் வெளியே வந்து இப்போது பொய் மாப்பிள்ளைகளைப் பிடிக்கிறாள். சேட்டு பாதி நேரம் ஆட்டோ ஓட்டுவான், மீதி நேரம் அவளுக்கு உதவியாளன். இரண்டு வேலையிலும் மீட்டர் போட மாட்டான்.

"மேடம், இத்த பாருங்க. செம மேட்டரு!" என்று போனை நீட்டினான். "சாந்தோம் பக்கம் ஒரு மாப்ள. ஏற்கெனவே கல்யாணம் ஆயி கீறான். இப்போ இன்னொரு பொண்ணுக்கு ரூட்டு போட்டுக்கினு கீறான், பேமானி."

"யார் அனுப்பினா?"

"ஆட்டோ ஸ்டாண்டு குரூப்புல வந்துச்சு."

"நீ யாருக்கெல்லாம் அனுப்பினே?"

"நான் இன்னா... ஒரு மூணு நாலு குரூப்புக்கு. ஜனங்க உஷாரா இருக்கட்டும்னு ஒரு நல்லெண்ணம்."

"அந்தப் பையனை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"வீடியோவைக் கிளப்பினவனை?"

"அவனையும் தெரியாது."

"பேஷ்! முன்ன பின்ன தெரியாத ஒருத்தனுக்காக முன்ன பின்ன தெரியாத இன்னொருத்தனை நாறடிச்சிருக்கே. உன்னை மாதிரி நல்லவா இருக்கறதாலதான் நாட்டுல மழை பெய்யறது."

"அந்தப் பையனைத்தான் மேடம், திங்கக்கிழமை நான் கட்டிக்கணும்" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

சேட்டு திரும்பிப் பார்த்தான். கையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அழுத முகம், ஆனால் அழுது முடித்துவிட்ட முகம். சேட்டு போனைச் சட்டைப் பைக்குள் போட்டு அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டான்.

பெயர் ரெனிட்டா. சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்து நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க சர்ச்சுல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை பூசையில பொண்ணு மாப்பிள்ளை பேரை வாசிப்பாங்க மேடம். ஓலை வாசிக்கறதுன்னு சொல்லுவோம். யாருக்காவது ஏதாவது தடை தெரிஞ்சா ஃபாதர்கிட்ட சொல்லணும். எங்களுக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. நாளைக்கு மூணாவது. திங்கள் கல்யாணம்."

"நாளைக்கு வாசிக்கலைன்னா?"

"புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிச்சிடும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணமே கிடையாது. இந்த வீடியோ எங்க எல்லா அன்பியத்து குரூப்புக்கும் வந்துடுச்சு. அன்பியம்னா தெருவுக்குத் தெரு நாங்க கூடி ஜெபம் பண்ற குழு. இப்போ ஜெபத்தை விட்டுட்டு எல்லாரும் என் மாப்பிள்ளையைப் பத்திதான் பேசறாங்க. விசாரிக்காம ஓலை வாசிக்க மாட்டேன்னுட்டார் ஃபாதர்."

நீரஜா வீடியோவை ஓடவிட்டாள். கோட்டு சூட்டில் ஒரு வாலிபன், மேத்யூ. கையில் கேக் தட்டு. பக்கத்தில் வெள்ளை கவுனில் ஒரு மணப்பெண், கேக் துண்டோடு கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பெண் குரல், மிஷினில் எழுத்தைப் போட்டால் அதுவே படிக்குமே, அந்தக் குரல்: "சாந்தோம் மக்களே, உஷார். இந்த மேத்யூ ஏற்கெனவே திருமணமானவர். மூன்றாவது ஓலை வாசிப்பதற்குள் இதை உங்கள் ஃபாதரிடம் காட்டுங்கள். அனைவருக்கும் பகிரவும்."

"மேத்யூ என்னம்மா சொல்றார்?"

ரெனிட்டா தன் போனைக் காட்டினாள். 'மனசு உடைஞ்சு போச்சு ரெனி. இப்போ எதுவும் கேக்காதே. கடவுளுக்குத் தெரியும். ஈஸ்டருக்கு அப்புறம் பாத்துக்கலாம்.'

"இதுக்கப்புறம் போனை எடுக்கல மேடம். ஊர் வாயை அடைக்கறது எனக்கு முக்கியம் இல்ல. இவர் எப்படிப்பட்டவர்னு எனக்குத் தெரியணும். திங்கக்கிழமைக்கு மேல இவரோட வாழப்போறது குரூப்பு இல்ல, நான்."

நீரஜா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "போய் நிம்மதியா சாப்பிடும்மா. சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்."

*

கீழே பாத்திரக்கடையை ஒட்டி பாலுவின் மொபைல் கடை. போன் கண்ணாடி மாற்றுவது அவன் தொழில், உலகத்தில் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வது அவன் பொழுதுபோக்கு. வீடியோவை அரைக்கண்ணால் பார்த்ததுமே தீர்ப்புச் சொன்னான்.

"ஏஐ மேடம். கண்ணை மூடிக்கினு சொல்லலாம். இப்போ எது வந்தாலும் ஏஐதான்."

"மொதல்ல கண்ணைத் திறந்துண்டு பாருப்பா" என்றாள் நீரஜா. "பொண்ணுக்குப் பின்னாடி, திரைச்சீலை ஓரத்துல யார் நிக்கறா?"

பாலு பார்த்தான். சேட்டுவும் எட்டிப் பார்த்தான். திரைச்சீலை ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். மேஜையிலிருந்து இரண்டு கேக் துண்டைச் சுருட்டி, கைக்குட்டையில் மடித்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு பேன்ட் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அட, கேக்கு ஆட்டையப் போடறாரு!"

"மிஷின் கல்யாணத்தை வரையும், கேக்கை வரையும். கேக் திருடற மாமாவை எதுக்குடா வரையப்போறது? இது நிஜமா நடந்த கல்யாணம்."

சேட்டுவின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ மாப்ள மெய்யாலுமே ஃபிராடா மேடம்? அந்தப் பொண்ணு பாவம் மேடம்."

"அந்த மாமாவோட சட்டை முதுகைப் படி."

பாலு படத்தைப் பெரிதாக்கினான். நீல டி-ஷர்ட்டில் மங்கலாக, ஆனால் படிக்கும்படியாக, 'ஃபராஸ் வீடியோஸ், வடபழனி' என்று அச்சடித்திருந்தது. ஊரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் முறைத்துப் பார்த்திருக்கிறது. திருடனை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"வண்டியை எடு" என்றாள் நீரஜா.

*

கோடம்பாக்கம் பாலத்தின் மேல் போக்குவரத்து வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டது. பின் சீட்டில் நீரஜா வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"சேட்டு, நம்மூர்ல பொண்ணு கேக் வெட்டினா யாருக்கு ஊட்டுவா?"

"மாப்ளைக்குதான். வேற யாருக்கு, உங்களுக்கும் எனக்குமா?"

"இவ யாருக்கு ஊட்டறா பாரு."

சேட்டு ஹேண்டில்பாரை விட்டுவிட்டுத் திரும்பினான். பின்னாலிருந்த பஸ்காரர் அவன் பரம்பரையை விசாரித்தார். அதை அவன் காதில் வாங்கவில்லை. மணப்பெண்ணின் கை மேத்யூ பக்கம் போகவே இல்லை. எதிர்ப்பக்கம் நீண்டு, படத்தின் ஓரத்தில் முடிந்துபோயிருந்தது. அவள் கண்ணும் அந்தப் பக்கம்தான்.

"கேமராமேனுக்கு ஊட்டுதோ?"

"உன்னை வெச்சுண்டு நான் எப்படித்தான் தொழில் பண்றேனோ! ஓரத்தை வெட்டியிருக்காடா. அந்தப் பக்கம் யாரோ நிக்கறா."

*

வடபழனி பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஃபராஸின் கடை. கண்ணாடி அலமாரி முழுக்கக் கல்யாண ஆல்பங்கள். ஃபராஸ் வீடியோவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"நம்ம லைட்டுக்காரன் மேடம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பொட்டலம் கட்டாம வரமாட்டான். அவன் மேல கம்ப்ளெயின்ட்டா?"

"அவர் நன்னா இருக்கட்டும். இதோட முழு வீடியோ வேணும்."

ஃபராஸ் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து ஓடவிட்டான். பெரிய திரையில் அதே மண்டபம், அதே கேக். மணப்பெண் கையை நீட்டினாள். இந்தத் தடவை கைக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தான். ஆறடி உயரம், அதற்கேற்ற தொப்பை, வாயை ஆவென்று திறந்துகொண்டு ஒரு மாப்பிள்ளை. மேத்யூவைப் போலவே கோட்டு. கேக் முழுத் துண்டாக உள்ளே போனது. இந்தப் பக்கம் தட்டைப் பிடித்துக்கொண்டு மேத்யூ சும்மா சிரித்துக்கொண்டிருந்தான்.

"இந்தத் தம்பி மாப்பிள்ளைத் தோழன் மேடம்" என்றான் ஃபராஸ். "கிறிஸ்டியன் கல்யாணத்துல ரெண்டு பேருக்கும் ஒரே துணியில கோட்டு தெப்பாங்க. அந்தப் பொண்ணும் மாப்பிள்ளையும் இப்போ கனடாவுல கீறாங்க."

"நைனா!" என்று சேட்டு குதித்த குதியில் அலமாரியில் ஆல்பங்கள் ஆடின. "சோக்காச் சொன்ன பாய்! மாப்ள தங்கம்! கேஸு ஓவரு!"

சொன்னதோடு நிற்கவில்லை. திரையில் ஓடிய முழு வீடியோவைத் தன் போனில் படம் பிடித்து, 'மேத்யூ நிரபராதி. வெறும் தோழன். உண்மை வெளியே வந்தது. பகிரவும்' என்று எழுதி, காலையில் எந்தெந்தக் குரூப்பில் போட்டானோ அந்தந்தக் குரூப்பிலெல்லாம் போட்டுவிட்டான். செய்த தப்பைத் திருத்திவிட்டோம் என்று அவனுக்கு மனசு லேசாகிவிட்டது.

நீரஜா மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"கேஸ் முடிஞ்சுதுன்னு யார் சொன்னா? ஏண்டா, உன்னை ஒருத்தன் இப்படிச் சொன்னா நீ என்ன பதில் சொல்லுவே?"

"டேய் சோமாறி, நான் தோழன்டா, மாப்ள அவன்டான்னு சொல்லுவேன்."

"அவ்வளவுதானே? சோமாறியை விட்டுட்டா ஒரே வரி. அந்த ஒரு வரியைக் கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட ஏன் சொல்லலை மேத்யூ? மனசு உடைஞ்சுது, கடவுளுக்குத் தெரியும், ஈஸ்டர்னு ஏன் சுத்தறான்?"

நீரஜா ஃபராஸ் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீடியோ யார் யார்கிட்ட இருக்கு?"

"கனடாக்காரங்ககிட்ட கீது. என்கிட்ட கீது. வேற யார்கிட்டயும் கிடையாது" என்ற ஃபராஸ், ஏதோ ஞாபகம் வந்தவனாக நெற்றியைத் தேய்த்தான். "இருங்க மேடம். போன வாரம் இந்தத் துண்டை மட்டும் வெட்டி வாங்கிக்கினு போனாரே!"

"யாரு?"

"இந்தத் தோழன் தம்பிதான். ஸ்டேட்டஸ் வெக்கணும் பாய், பொண்ணும் நானும் மட்டும் இருந்தா போதும், மாப்பிள்ளையைத் தூக்கிடுங்கன்னாரு. இன்னாபா இது, கல்யாண வீடியோவுல மாப்பிள்ளையைத் தூக்கறதான்னு நெனச்சேன். நமக்கு எதுக்கு வம்புன்னு வெட்டிக் குடுத்துட்டேன்."

*

ஆட்டோ அடையாறில் இருந்த மேத்யூவின் வீட்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. சேட்டுவின் தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை.

"தன் மூஞ்சில தானே சாணி அடிச்சுக்கறானா மேடம்? இன்னாத்துக்கு?"

"அந்த வாய்ஸை யோசிச்சுப் பாரு. ஒருத்தனைக் கவுக்க நெனைக்கறவன் பொண்டாட்டி பேரைப் போடுவான், மண்டபம் பேரைப் போடுவான். இதுல ஒண்ணும் கிடையாது. எப்ப வேணும்னாலும் பொய்யின்னு நிரூபிச்சுக்கலாம், அந்த மாதிரி பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கான். அவனுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மூணாவது ஓலை வாசிக்கக் கூடாது."

"அப்போ... நான் இப்போ அனுப்புனது?"

"கல்யாணத்தைத் திரும்ப நடத்தி வெச்சுட்டே. அந்தப் பொண்ணு திங்கக்கிழமை வேண்டாங்கற ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டப்போறா. உன் புண்ணியம்."

வழியில் ஒரு கார்க்காரர் குறுக்கே புகுந்தபோதுகூடச் சேட்டு திட்டவில்லை. காலையில் அனுப்பியது பொய், அதற்கு வெட்கப்பட்டான். இப்போது அனுப்பியது உண்மை. அதுவும் ஒரு பெண்ணின் தலையில்தான் போய் விழுந்திருக்கிறது.

மேத்யூவின் வீட்டு வாசலிலேயே கேக் மணம் அடித்தது. ஹால் முழுக்கச் சொந்தக்காரர்கள். அத்தனை பேர் போனிலும் சேட்டு அனுப்பிய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. காலையில் 'இப்படிப்பட்டவனா இவன்' என்று எழுதிய விரல்களே இப்போது கைகூப்பும் படமும் மெழுகுவர்த்தி படமும் அனுப்பிக்கொண்டிருந்தன. மேத்யூவின் அம்மா லூயிசா வந்தவர்கள் வாயிலெல்லாம் கேக்கைத் திணித்தாள்.

"எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க! ஆண்டவர் என் புள்ளையைக் கைவிடல. நாளைக்கு பொண்ணு வீட்டு சர்ச்சுலயே கொண்டுபோய் முன் வரிசையில உக்கார வெக்கறேன். பாத்த கண்ணெல்லாம் பாக்கட்டும்!"

அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு முகம்தான் வாடியிருந்தது. அது நிரபராதியின் முகம்.

நீரஜா அவனை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுற்றி வளைக்கவில்லை. "ஃபராஸ் கடையிலேர்ந்து வரோம்பா" என்றாள். அவ்வளவுதான், மேத்யூ தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"ரெனிட்டாகிட்ட என்ன குறை?"

"ஒண்ணுமே இல்ல ஆன்ட்டி. ரொம்ப நல்ல பொண்ணு. அதான் பிரச்சினையே. வேணாம்னா அம்மா காரணம் கேப்பாங்க. எனக்கு இப்போ கல்யாணமே வேணாம்னா அது ஒரு காரணமாடான்னு பாய்சன் குடிக்கறேன்னு நிப்பாங்க. ஈஸ்டர் வரைக்கும் தள்ளிப்போச்சுன்னா பொண்ணு வீட்ல அவங்களாவே வேணாம்னுடுவாங்க. அப்புறமா முழு வீடியோவை நானே எடுத்துக் காட்டியிருப்பேன். எனக்கும் கெட்ட பேரு இல்ல."

"அந்தப் பொண்ணு அதுவரைக்கும் அழுதுண்டு கிடக்கட்டும்?"

மேத்யூ அவசரமாக எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தான். "ஆன்ட்டி, இப்போதான் எல்லாம் சரியாயிடுச்சே. நான் கட்டிக்கறேன். எப்படியோ ஓட்டிக்கறேன். அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

"ஓட்டறதுக்கு அது இன்னா ஆட்டோவா?" என்று சேட்டு வெடித்தான். "டேய், நானே ஒரு வண்டிய வாங்கறதுக்கு முன்னாடி எஞ்சின் பாத்துதான்டா வாங்கறேன்!"

"எங்க கட்சிக்காரி அவதான், நீ இல்லை" என்று சொல்லிவிட்டு நீரஜா படியிறங்கினாள்.

*

சாந்தோம் லூப் ரோட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு ரெனிட்டா நின்றிருந்தாள். முழு வீடியோ அவளுக்கும் வந்துவிட்டிருந்தது. அம்மா சந்தோஷத்தில் அழுகிறாள், ஃபாதர் ஓலை வாசிக்கச் சம்மதித்துவிட்டார், காலையில் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் மாலையில் கட்டிப்பிடித்தார்கள் என்று சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தோழன்தான்னு இவர் ஏன் என்கிட்ட சொல்லல மேடம்? அதைத்தான் யோசிச்சிட்டே நிக்கறேன்."

ஊரில் ஒருத்தராவது அந்தக் கேள்வியைக் கேட்டார்களே என்று சேட்டுவுக்கு ஆறுதலாக இருந்தது. நீரஜா ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள். ரெனிட்டா கடைசிவரை கேட்டாள்.

"வேணாம்னு ஒரு வார்த்தை. அதை என்கிட்ட சொல்லியிருந்தா நானே அவங்க அம்மாகிட்ட பேசியிருப்பேனே. கோழை!" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"சிஸ்டர், ஒரு வார்த்தை சொல்லு" என்றான் சேட்டு. "அந்த ஃபராஸ் பாய் பேசுனத வீடியோ எடுத்துக்கினு வந்து போடறேன். அரை மணி நேரத்துல ஊரே காறித் துப்பும்."

"வேணாம் அண்ணா. அதுலயும் பாதியைத்தான் பார்ப்பாங்க. பார்த்துட்டு என்கிட்ட என்ன குறைன்னு ஆரம்பிப்பாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பார்த்துக்கறேன்."

*

ஞாயிறு காலைப் பூசை. சேட்டு செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் தூணோரமாக நின்றான். முன் வரிசையில் லூயிசா, பட்டுப்புடவையில், தேர்தலில் ஜெயித்தவள்போல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மேத்யூ குனிந்த தலையோடு. ஃபாதர் அறிவிப்புகளுக்கு வந்தபோது பாதிப் பேர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"மூன்றாம் ஓலை" என்று அவர் வாசித்தார். இரண்டு பெயர்களும், பெற்றோர் பெயர்களும் ஒலிபெருக்கியில் ஒலித்தன. "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்."

"எனக்குத் தெரியும் ஃபாதர்."

எல்லாத் தலையும் திரும்பியது. பெண்கள் பக்கத்து நாலாவது வரிசையில் ரெனிட்டா எழுந்து நின்றிருந்தாள். சாவிகள் பைக்குள் போயின, போன்கள் வெளியே வந்தன. தன் பக்கம் நீண்ட அத்தனை கேமராவையும் அவள் நிதானமாகப் பார்த்தாள்.

"எடுங்க. கடைசிவரை எடுங்க. யார் சொன்னான்னு யாராவது கேட்டா ரெனிட்டா சொன்னான்னு சொல்லுங்க, வீடு எல்லாருக்கும் தெரியும், வந்து கேக்கட்டும்." பிறகு பீடத்தின் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளைக்குச் சம்மதம் இல்ல ஃபாதர். அதான் தடை. நான் சொன்னேன்னு நம்ப வேணாம். இங்கதான் இருக்கார். அவரையே கேளுங்க."

ஃபாதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். லூயிசா மகனின் கையைப் பற்றினாள். மேத்யூ அந்தக் கையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், கடைசியாக, அந்த வாரத்தில் முதல் தடவையாக, ரெனிட்டாவைப் பார்த்தான். மெதுவாக எழுந்தான்.

"ஆமா ஃபாதர்" என்றான். "சம்மதம் இல்ல. அந்த வீடியோவை அனுப்பினதும் நான்தான்."

ரெனிட்டா உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பூசையை முடித்துவைக்கும் இறுதி ஆசீர் இன்னும் பாக்கியிருந்தது.